கெமிஸ்ட்ரி பிடிச்சா மட்டும் போதாது

கெமிஸ்ட்ரில நல்ல மார்க் வந்தா கெமிக்கல் இன்ஜினியரிங் எடுக்கலாம்னு ஒரு கட்டுரைல எழுதியிருக்காங்க, அங்கதான் நிறைய பசங்க ஏமாந்து போறாங்க. படிப்பு முழுக்க பெரும்பாலும் கணக்கும் பிசிக்ஸும்தான், மாஸ் பேலன்ஸ் (உள்ள போற பொருள், வெளிய வர்ற பொருள் கணக்கு), ஹீட் டிரான்ஸ்ஃபர் (சூடு எப்படி கடந்து போகுது), தெர்மோடைனமிக்ஸ்னு (வெப்பம், ஆற்றல் பத்தின பாடம்) போகும். குடுவைல சாதுவா நடக்கிற ரியாக்‌ஷன் ஃபேக்டரில இருக்கிற ரியாக்டர்ங்கிற பெரிய கலத்துல அப்படி நடக்காது, ஏன்னா கொள்ளளவு கூடுற அளவுக்கு வெளிப்பரப்பு கூடாது, சூடு வெளிய போக வழியில்லாம ஏறிக்கிட்டே போகும், அதை அடக்குறதுதான் கெமிக்கல் இன்ஜினியர்களான நம்ம வேலையே. 1909ல ஹேபர்ங்கிற ஜெர்மன் கெமிஸ்ட் லேப்ல அமோனியாவை சொட்டு சொட்டா எடுத்துக் காட்டினார், 1913ல அதை ஜெர்மனில ஓப்பாவ்ல ஃபேக்டரியா ஓட வெச்சது போஷ்ங்கிற இன்ஜினியரோட டீம், நடுவுல ஹைட்ரஜன் பட்டு ஸ்டீல் பலமிழந்து ரியாக்டரே வெடிச்சுது, உள்பக்கம் மென்மையான இரும்பு லைனிங் கொடுத்துதான் சரி பண்ணாங்க. இதைப் படிக்கும்போதே ஆர்வம் வருதுன்னா தைரியமா சேருங்க தம்பி தங்கைகளா. பெட்ரோலியம் மட்டும் இல்ல, மருந்து, பேட்டரி, சிப், தண்ணி சுத்திகரிப்புன்னு வேலை இருக்கு, ஆனா பிளான்ட்னா, அதாவது ஃபேக்டரின்னா, ராத்திரி ஷிஃப்ட் இருக்கும், வீட்லயும் இப்பவே சொல்லி வைங்க. படிக்கும்போதே எப்படியாவது ஒரு பிளான்ட்ல இன்டர்ன்ஷிப் பண்ணிடுங்க, குழாய், வால்வு எல்லாத்தையும் காட்டுற பைப்பிங் டிராயிங்கை கைல வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வால்வா தேடி நடந்து பாருங்க.