கோகோஷ்கா முகாமில் சாகவில்லை

காரைக்குடி, தேவகோட்டை வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் ஓவியம் சுற்றுகிறது: "நாஜி முகாமில் சாகும் முன் ஓவியர் கோகோஷ்கா அழுதபடி தன்னை வரைந்த கடைசிப் படம்."

தவறு. ஆஸ்திரிய ஓவியரான கோகோஷ்கா 1934இல் வியன்னாவை விட்டுச் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகா சென்றவர், 1938இல் லண்டனுக்குத் தப்பினார். 1980இல் சுவிட்சர்லாந்தில், 93 வயதில் இறந்தார். பர்மாவிலிருந்து நடந்தே வந்த பாட்டன்மார் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அகதி என்றதும் மனம் இளகும்தான். அதற்காக ஆளையே கொன்றுவிடுவதா?

படம் 1937இல் செக்கோஸ்லோவாக்கியாவில் வரைந்தது. தன் ஓவியங்களையும் நாஜிகள் 'சீர்கெட்ட கலை' என்று மியூனிக்கில் இழிவாகக் காட்சிக்கு வைத்ததை அறிந்ததும், படத்தில் தளர்ந்து தொங்கிய கைகளை மார்பின் குறுக்கே கட்டியவாறு மாற்றினார். 'சீர்கெட்ட கலைஞனின் தன்னுருவம்' என்றே பெயரும் வைத்தார். அது அழுகை அல்ல, வீம்பு.