பாலைவனத்தில் இறங்கி எத்தனை நாள் ஆச்சு?

விடுமுறைக்குப் பாலைவனப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை லிட்டர் தண்ணீர் எடுத்துப் போகணும் என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, அங்கே இறங்கி எத்தனையாவது நாள் நடக்கிறீர்கள் என்று. இரண்டாவது நாள், மூன்றாவது நாள் என்றால் அந்த நீளமான பாதையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள், தண்ணீர்க் கணக்கை அப்புறம் பார்க்கலாம் என்பேன். "எங்களுக்கு வெயில் புதுசா?" என்று சிலர் கோபப்படுவார்கள்.

புதுசுதான். உடம்பு வெயிலுக்குப் பழகுவது மனத்தைரியத்தால் நடக்கிற காரியமில்லை. தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் உடம்பை அசைத்தால், 7 முதல் 14 நாட்களில் உள்ளே உண்மையான மாற்றம் நடக்கிறது. முதலில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். அதே வேலைக்கு இதயம் முன்பைவிட மெதுவாகத் துடிக்கும். பிறகு வியர்வை சீக்கிரம் தொடங்கும், நிறைய வரும், அதில் போகும் உப்பு குறையும். வெயிலை விட்டு விலகினால் சில வாரங்களில் இத்தனையும் போய்விடும். சின்ன வயதில் வெயிலில் ஓடியாடியவர் பத்து வருஷமாக ஏசியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார் என்றால், அவர் உடம்புக்கு அந்தப் பழைய வெயில் நினைவில் இருக்காது.

ஈரக்காற்று உள்ள ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். சட்டை தொப்பலாக நனைந்தால்தான் வியர்த்தது என்று அவர்களுக்குத் தெரியும். பாலைவனக் காற்று வியர்வையை வந்த வேகத்தில் உறிஞ்சிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும், தொப்பி விளிம்பில் மட்டும் வெள்ளையாக உப்புக் கோடு. காற்றின் வெப்பம் தோலின் வெப்பமான 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், வீசுகிற காற்றே உடம்பைச் சூடாக்கும். அப்போது வியர்வை ஒன்றுதான் உடம்பைத் தணிக்கும் வழி. ஏறி நடக்கும்போது மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வையாகப் போய்விடலாம். குடல் உறிஞ்சுவதோ மணிக்குச் சுமார் ஒரு லிட்டர். ஆகவே குடித்துக் குடித்தே சமாளித்துவிடலாம் என்பது நடக்காது. உப்பில்லாமல் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவும் ஆபத்தாகிவிடும். இழப்பைக் குறைக்க வேண்டுமென்றால் நேரத்தையும் வேகத்தையும்தான் குறைக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நானும் நண்பனும் இறங்கிய மூன்றாவது நாள், ஜூன் மாதம், காலை எட்டரைக்குக் கிளம்பினோம். அதுவே தாமதம். பத்தரை மணிவாக்கில், வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவன் திடீரென்று அமைதியாகிவிட்டான். தண்ணீரை நீட்டினேன். "எனக்கு ஒண்ணுமில்ல, நீ நட" என்று எரிந்து விழுந்தான். இருபது வருஷப் பழக்கத்தில் அவன் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நல்லவேளை, எனக்கு அது கோபமாகத் தெரியவில்லை. பாறை நிழலில் உட்கார வைத்து, சட்டையையும் கழுத்தையும் நனைத்து, விசிறினேன். தலைவலி, குமட்டல் என்று அப்போதுதான் வாயைத் திறந்தான். அரை மணியில் பழைய ஆளானான். ஆனாலும் உச்சி வெயிலில் எழுந்திருக்கவில்லை. வெயில் தாழும் வரை அங்கேயே கிடந்து, அந்தியில் திரும்பினோம். தனியாகப் போகாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். தன் நிதானம் தவறுவது தனக்கே தெரியாது.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற மலைகளில் ஏறிக் களைத்தால் இறக்கம் காத்திருக்கும். அங்கே முதலில் இறக்கம். தெற்கு விளிம்பிலிருந்து அடியில் ஓடும் கொலராடோ ஆறு வரை 1,300 மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டு, களைத்த காலோடு உச்சி வெயிலில் ஏற வேண்டும். அடிவாரம் விளிம்பைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடாக இருப்பது சாதாரணம். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை உள்ளே நடக்காதீர்கள், ஒரே நாளில் ஆற்றுக்குப் போய்த் திரும்பாதீர்கள் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்தில், தாழ்வான பகுதிகளில் கோடையில் காலை 10 மணிக்குப் பிறகு நடக்கவே வேண்டாம் என்கிறார்கள். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி பதிவான இடம் அது. பாதி தண்ணீர் தீர்ந்ததும் திரும்பலாம் என்ற கணக்கும் எனக்குச் சம்மதமில்லை. திரும்பும் நேரம் இன்னும் சூடான நேரம். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே திரும்பிவிடுங்கள்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் 2021 முதல், கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் கேமல்பேக் மலைப் பாதைகளைப் பகலில் மூடுகிறார்கள். என் உயிர், என் விருப்பம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நான் மூடுவதன் பக்கம். நாம் விழுந்தால் தூக்க வருகிறவரும் அதே வெயிலில்தான் ஏறி வர வேண்டும். சூடான காற்றில் ஹெலிகாப்டருக்கும் தூக்கும் வலு குறைகிறது.

கூட வருகிறவர் உளறினால், தள்ளாடினால், மயங்கினால் அது ஹீட் ஸ்ட்ரோக், அதாவது உடம்புச் சூடு கட்டுமீறி உயிருக்கே ஆபத்தாகும் நிலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்க்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். வெயிலில் நடந்ததால் வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வையும் இருக்கலாம். அவசர உதவியைக் கூப்பிட்ட கையோடு குளிர்விக்கத் தொடங்குங்கள். குளிர்ந்த நீரில் அமிழ்த்த முடிந்தால் அதுதான் சிறந்தது. இல்லையென்றால் இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

அப்புறம், ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீர் பிரியவோ மாத்திரை எடுப்பவர்கள், அலர்ஜி மாத்திரை போடுபவர்கள், டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவற்றில் சில, உடம்பு வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் குறைத்துவிடும்.