உண்மை விளக்கம்: கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் அதிகப் புள்ளி யாருடையது?

"கல்லூரிக் கூடைப்பந்தில் கெய்ட்லின் கிளார்க்கைவிட அதிகப் புள்ளி எடுத்த பெண்ணே கிடையாது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்காக கிளார்க் எடுத்தது 3,951 புள்ளிகள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-யின் முதல் பிரிவில் ஆண், பெண் இரண்டிலுமே அதுதான் உச்சம். 2024 மார்ச் 3 அன்று ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக, இடைவேளைக்குச் சற்று முன் ஒரு ஃப்ரீ த்ரோவில் (தடுப்பார் இல்லாமல் எறியும் ஒரு புள்ளி வாய்ப்பு), ஆண்களில் அதிகப் புள்ளி எடுத்த பீட் மராவிச்சின் 3,667-ஐத் தாண்டினார். நானும் கிளார்க்கின் தீவிர ரசிகன்தான். மைதானத்தின் நடுவிலுள்ள சின்னத்துக்குப் பக்கத்தில் நின்றே அவர் பந்தை எறியும்போது மூச்சு நின்றுவிடும்.

ஆனால் பேர்ல் மூர்? 1975 முதல் 1979 வரை ஆடி 4,061 புள்ளிகள் எடுத்தவர் அவர். அதில் 3,884 தென் கரோலினாவின் ஃபிரான்சிஸ் மேரியன் கல்லூரிக்காக, மீதி 177 அதற்கு முன் ஒரு ஜூனியர் கல்லூரியில் (இரண்டாண்டுக் கல்லூரி). அப்போது, தொலைவிலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோடே இல்லை. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். பந்தும் இப்போதைய பெண்கள் பந்தைவிடப் பெரியது.

அப்புறம் ஏன் என்சிஏஏ பட்டியலில் அவர் பெயர் இல்லை? பெண்கள் விளையாட்டை அன்று நடத்தியது ஏஐஏடபிள்யூ என்ற தனி அமைப்பு. என்சிஏஏ பெண்களுக்குக் கூடைப்பந்துப் போட்டி நடத்தத் தொடங்கியதே 1981-82-இல்தான். அதற்கு முந்தைய புள்ளிகளை அது தன் கணக்கில் சேர்ப்பதில்லை. இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது. 2021-இல் கூடைப்பந்து சாதனையாளர்களைக் கௌரவிக்கும் நெய்ஸ்மித் புகழ் மன்றம் மூரைச் சேர்த்துக்கொண்டது.

பகிர்வதானால் "என்சிஏஏ முதல் பிரிவில்" என்ற சொற்களையும் சேர்த்துப் பகிருங்கள்.