மூன்று வார நாய்க்குட்டிக்குப் பசும்பால் போதுமா?

‘மூன்று வாரக் குட்டிக்குப் பசும்பால் போதும், வீட்டிலுள்ள ஐந்து மாத நாயுடன் ஒரே தட்டில் பழக்கிவிடலாம்’ என்று சிலர் கூறுவது சரியன்று. தாய்நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருக்க, லாக்டோஸோ (பாலிலுள்ள சர்க்கரை) குறைவு. ஆகவே பசும்பால் மட்டும் குடிக்கும் குட்டி போதிய ஊட்டமின்றி மெலிவதோடு, மிகுதியான லாக்டோஸ் செரிக்காமல் உண்டாகும் வயிற்றுப்போக்கால் நீரிழந்து ஓரிரு நாளிலேயே ஆபத்தான நிலைக்குச் செல்லக்கூடும். நாய்க்குட்டிகளுக்கென விற்கப்படும் பால்மாவை வெதுவெதுப்பாகக் கரைத்து, நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை, குட்டியைக் குப்புறப் படுத்த நிலையில் வைத்துப் புகட்ட வேண்டும். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும் (கைக்குழந்தையைப் போல ஏந்திப் புகட்டும் படங்களை நம்பாதீர்கள்).

வீட்டிலுள்ள ஐந்து மாத நாய்க்குத் தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்படவில்லையெனில், அது வெளியிலிருந்து பார்வோ வைரஸை (குட்டிகளுக்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி) கொண்டுவரக்கூடும் என்பதால், இரண்டிற்கும் தட்டும் படுக்கையும் தனித்தனியாகவே இருக்கட்டும்.