பிறந்த தேதிக்கும் என்னியகிராம் எண்ணுக்கும் சம்பந்தமில்லை

என்னியகிராம் என்பது மனிதர்களின் குணத்தை ஒன்பது வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுக்கும் முறை. பிறந்த தேதியைக் கூட்டி ஒற்றை எண்ணாக்கினால் அதுதான் நம் என்னியகிராம் எண் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நம்ம பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து வாட்ஸப் குழுக்களிலும் இதே கணக்குதான் சுற்றுகிறது. அது நியூமராலஜிங்க. பொலிவியாவில் பிறந்த ஆஸ்கர் இச்சாசோவும், அவரைத் தொடர்ந்து 1970களில் சிலி நாட்டு மனநல மருத்துவர் கிளாடியோ நரான்ஹோவும் வளர்த்தெடுத்த என்னியகிராமின் ஒன்பது வகைகளில் தேதிக்கு இடமே இல்லை, உள்ளுக்குள் எது நம்மை உந்துகிறது, எதற்குப் பயப்படுகிறோம் என்பதை வைத்துத்தான் வகை.

கல்யாண வீட்டில் ரெண்டு பேர் விடிய விடிய ஓடியாடி வேலை பார்ப்பார்கள். ஒருவருக்கு, தான் எல்லாருக்கும் வேண்டியவராக இருக்கணும், இரண்டாம் வகை. இன்னொருவருக்கு இலையில் உப்பு வைக்கும் இடம்கூடப் பிசகக்கூடாது, ஒன்றாம் வகை. வேலை ஒன்றுதான், காரணம் வேறு.

சரிபார்ப்பது சுலபம். ஏதாவது ஒரு என்னியகிராம் கேள்வித்தாளை எடுத்து, பிறந்த தேதியைக் கூட்டச் சொல்லும் கேள்வி இருக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம், தெரிந்த இரட்டையர் இருந்தால் ஒன்பது வகை விளக்கங்களையும் கொடுத்துத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அந்தக் கணக்குப்படி ஒரே தேதியில் பிறந்த இரட்டையர் ரெண்டு பேரும் ஒரே வகையாகத்தானே வரணும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள், தயவுசெய்து கூட்டி வந்த எண்ணோடு நிற்காமல் ஒன்பதையும் படியுங்கள்.