பூக்காரருக்குக் கருவறையில் என்ன வேலை?

ஏ.எல். பரீட்சைக்கு முந்திய கிழமை என்றால் மட்டக்களப்பு ஆரையம்பதியில் நாங்கள் நடத்திய கொமினிகேஷன் கடையில் நிற்க இடம் இருக்காது. எல்லாப் பிள்ளைக்கும் பாஸ்ட் பேப்பர் வேண்டும். இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரே கொம்பியூட்டர், கைமாறி வந்த ஒரு லேசர் பிரிண்டர். அதன் சீடி தொலைந்ததால் எங்கேயோ தேடிப் பிடித்து விண்டோஸ் என்டி 4 காலத்து ட்ரைவரை, அதாவது பிரிண்டரை ஓட்டுகிற மென்பொருளை, போட்டிருந்தோம். ஒருநாள் மூன்றாவது பக்கம் பாதி வந்ததும் திரை முழுக்க நீலம். மாமி ஒருவருக்கு டைப் பண்ணிக்கொண்டிருந்த காணி விண்ணப்பமும் சேர்ந்து போனது.

"என்ன மகன், கடதாசி அடிக்கிற மிஷின்தானே? அது நிண்டா மத்ததெல்லாம் ஏன் நிக்கிது?"

இதைவிட நல்ல கேள்வியை நான் இன்றுவரை எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை.

நம்மூர்க் கண்ணகி அம்மன் கோயிலில் பூசை செய்கிற கப்புகனார்தான் உள்ளே போவார். பூக் கொண்டு வருகிறவர் வாசலில் கொடுத்துவிட்டு நிற்பார். விண்டோஸ், லினக்ஸ் போன்றவற்றின் நடுப்பகுதியான கேர்னலும் கருவறைதான். மெமரி, டிஸ்க், எந்த புரோகிராமுக்கு எப்போது முறை என்பதெல்லாம் அங்கே. அதற்குள் ஒருவர் தடுக்கி விழுந்தால் திருவிழாவே நின்றுவிடும். பிரிண்டர் ட்ரைவரோ பக்கத்தை அந்த மிஷினுக்கு விளங்கும் பாஷையில் மாற்றிக் கொடுக்கிற ஆள். வாசலில் இருந்தே செய்யலாம்.

1996இல் என்டி 4 வந்தபோது, வேகம் வேண்டுமென்று திரையில் வரைகிற ஜிடிஐ பகுதியைக் கேர்னலுக்குள் கொண்டுபோனார்கள். அதன் கையைப் பிடித்துக்கொண்டு பிரிண்டர் ட்ரைவரின் வரைகிற பாகமும் உள்ளே போனது. திரைக்குச் சரி, அன்றைய மிஷின்களுக்கு அது தேவைதான். நிமிடத்துக்கு எட்டுப் பக்கம் துப்புகிற சாமானுக்கு மைக்ரோசெக்கன் மிச்சம் பிடித்து என்ன காண? விண்டோஸ் 2000இல் வெளியே ஓட வழி வைத்தார்கள்; விஸ்டாவில் உள்கதவையே அடைத்தார்கள். யூஎஸ்பியோடு பேசுகிற சின்னத் துண்டு மட்டும் உள்ளே இருக்கும், லினக்ஸிலும் அப்படித்தான். அதில் எனக்கு வழக்கில்லை.

மறுகா ஏன் 2021இல் பிரிண்ட்நைட்மேர் என்ற விண்டோஸ் பாதுகாப்பு ஓட்டை வந்தது என்று தம்பிமார் மடக்குவார்கள். அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்புகிற ஸ்பூலர் கேர்னலில் இல்லை, உண்மை. ஆனால் சிஸ்டம் என்ற உச்ச அதிகாரத்தோடு ஓடுகிறது. சாதாரண யூசர் ஒருவரே அதை ஏமாற்றித் தன் கோப்பை ட்ரைவர் என்று ஏற்ற வைக்க முடிந்தது. பூக்காரரை வாசலில் நிறுத்திவிட்டு கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரின் சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்த கதை. 2024 செப்டெம்பரில் லினக்ஸில் அச்சு வேலையைப் பார்க்கிற கப்ஸிலும் ஓட்டை வெளிவந்தது. அங்கே நுழைகிறவருக்குக் கிடைத்தது எல்பி என்ற அப்பாவி யூசரின் உரிமை மட்டும். ஆபத்துத்தான், ஆனால் சாவிக்கொத்து கிடைக்கவில்லை. ஆகவே கேர்னலை விட்டு வெளியே அனுப்பினது பாதி வேலை. கையில் இருப்பதையும் வாங்கி வைக்க வேண்டும்.

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் வெளியார் ட்ரைவரே இல்லாமல் ஐபிபி என்ற பொதுவான அச்சுப் பாஷை வழியாக மட்டும் அச்சிடுகிற ஒரு முறை இருக்கிறது. நாமாகத்தான் போட வேண்டும். போன மாதம் போட்டேன். பழைய லேசர் அதில் ஓடாது. மேசைக்குக் கீழே துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். டோனர் இன்னும் பாதி இருக்கிறது.