அம்மாவின் காலண்டரில் இருபத்தெட்டாம் நாள்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. பால் வாங்காத நாள், கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், அமாவாசை, மகனின் செமஸ்டர் தேர்வு என்று ஏற்கெனவே இடமில்லாமல் தவிக்கும் அந்தத் தாளில், கடந்த நான்கைந்து ஆண்டுகளாக இன்னொரு வகைக் குறிப்பும் ஏறிக்கொண்டிருக்கிறது. பெரிய படம் ஏதாவது வெளியாகும் அன்று அம்மா சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தத் தேதியிலிருந்து நான்கு வாரம் எண்ணி, தேவைப்பட்டால் தாளைப் புரட்டி அடுத்த மாதத்துக்கும் போய், அங்கே ஒரு வட்டம் போட்டுப் பக்கத்தில் படத்தின் பெயரை எழுதிவிடுவார். 2024 ஜூலை 12 அன்று வெளியான ‘இந்தியன் 2’ ஆகஸ்ட் 9 அன்று ஓடிடிக்கு, அதாவது வீட்டிலிருந்தே இணையத்தில் படம் பார்க்கும் தளத்துக்கு, வந்தது. 2025 ஆகஸ்ட் 14 அன்று வெளியான ‘கூலி’ செப்டம்பர் 11 அன்று வந்தது. இரண்டுக்கும் அம்மா போட்ட வட்டம் ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

ஒரே ஒரு முறைதான் கணக்கு தவறியது, அதுவும் என்னால். ‘தக் லைஃப்’ எட்டு வாரம் கழித்துத்தான் ஓடிடிக்கு வரும் என்று கமல்ஹாசன் முன்கூட்டியே சொல்லியிருந்ததை நான் செய்தியில் படித்துவிட்டு, ஜூலைக் கடைசியில் குறித்துக்கொள்ளுமாறு அம்மாவிடம் சொன்னேன். படம் 2025 ஜூன் 5 அன்று வந்தது, எதிர்பார்த்தபடி ஓடவில்லை, ஜூலை 3 அன்றே, அதாவது சரியாக இருபத்தெட்டாம் நாள், வீட்டுக்கு வந்துவிட்டது. “உன் பேச்சைக் கேட்டதுக்கு என் கணக்கையே வச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்” என்றார் அம்மா.

எட்டு வாரம் என்ற அந்தப் பேச்சு சினிமாச் செய்திகளில் திரும்பத் திரும்ப அடிபடுவதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தமிழ்நாட்டுத் திரையரங்கு உரிமையாளர்கள் இந்த இடைவெளியை நான்கு வாரத்திலிருந்து எட்டு வாரமாக்க வேண்டும் என்று பல முறை கோரியிருக்கிறார்கள். இந்திப் படங்களுக்கு நாடு தழுவிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வாரத்தைப் பிடிவாதமாக வைத்திருக்கின்றன. 2023-இல் ‘லியோ’வின் இந்திப் பதிப்பு அந்த அரங்குகளுக்குள் போக முடியாமல் போனதற்கும் அதுவே காரணம். வீட்டில் உட்கார்ந்தால் நான்கு வாரத்தில் படம் வந்துவிடும் என்று தெரிந்த மனிதர் எதற்காகத் தியேட்டருக்கு வருவார் என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், நானும் தியேட்டர் கட்சிக்காரிதான். ஆனாலும் எட்டு வாரமாக்கினால் எங்கள் வீட்டில் மாறப்போவது அம்மா வட்டம் போடும் கட்டம் மட்டுமே என்பது என் உறுதியான கருத்து. நாங்கள் தியேட்டருக்குப் போகாமல் இருப்பதற்கான காரணம் காலண்டரில் இல்லை.

இந்தப் பழக்கம் எங்களிடம் எப்படி வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். 2020 மார்ச்சில் அரங்குகள் மூடப்பட்டன. மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ தியேட்டர் வாசலை மிதிக்காமலே நேரடியாக ஓடிடிக்கு வந்தபோது உரிமையாளர்கள் கொதித்தார்கள். அந்த நவம்பரில் ‘சூரரைப் போற்று’ அதே வழியில் வந்தது. 2021 ஜனவரி 13 அன்று ‘மாஸ்டர்’ அரங்குகளில் வெளியாகி, பதினாறே நாளில், 29-ஆம் தேதி, கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. பொங்கலுக்குக் கூட்டத்துக்குப் பயந்து போகாமல் இருந்தவர்கள் அந்த மாதம் முடிவதற்குள் வீட்டில் பார்த்துவிட்டோம். “வரட்டும், பாத்துக்கலாம்” என்ற வாக்கியம் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்போதுதான். நோய் போன பிறகும் அந்த வாக்கியம் போகவில்லை, ஏனென்றால் அதைத் தாங்கிப் பிடிக்க வேறு தூண்கள் ஏற்கெனவே நின்றிருந்தன.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் பார்ப்பது சுகம் என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. இடது காது ஏறக்குறைய கேட்காது, வலது காது சுமார். இப்போதைய படங்களில் நாயகன் முணுமுணுக்கிறான், அடுத்த நொடி பின்னணி இசை கூரையைப் பெயர்க்கிறது. வசனத்துக்காக ஒலியை முப்பதில் வைத்தால் சண்டைக் காட்சியில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடுகிறது. பன்னிரண்டுக்குக் குறைத்தால் அம்மாவுக்கு உதடு அசைவது மட்டுமே தெரிகிறது. ஆகவே ரிமோட் என் கையில், விரல் எப்போதும் ஒலிப் பொத்தானின் மேல். கீழே வசனம் எழுத்தில் ஓடினால் அம்மா படித்துக்கொள்வார், கண் இன்னும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நாங்கள் பார்த்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றில் ஆங்கில வரிகள்தான் இருந்தன. தமிழ்ப் படத்தைத் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தமிழர் ஒருவர் காது கேளாமல் பார்ப்பார் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை போலும். “என்ன சொன்னான்?” என்று அம்மா கேட்பார், நான் சொல்வேன், அதற்குள் அடுத்த வசனம் போய்விடும், “இப்ப என்ன சொன்னான்?” என்பார். இரண்டரை மணி நேரப் படத்தை மூன்று இரவுகளில் பார்த்து முடிக்கிறோம். மகனோ தன் அறையில், தன் கைப்பேசியில், ஒன்றரை மடங்கு வேகத்தில் அதே படத்தை ஓட்டிவிட்டு, முடிவை மேசையில் போட்டு உடைத்துவிட்டுப் போகிறான்.

இனி நகரத்துக்கு வருகிறேன். நாங்கள் இருப்பது அசோக் நகர். அசோக் பில்லர் அருகே 1983-இல் திறந்த உதயம் திரையரங்கு எங்களுக்கு நடந்து போகும் தூரம். உதயம், சந்திரன், சூரியன், பிறகு மினி உதயம் என்று ஒரே வளாகத்துக்குள் நான்கு திரைகள் இருந்ததால், ஒன்றில் டிக்கெட் இல்லையென்றால் இன்னொன்றில் ஏதோ ஒரு படம் கிடைக்கும். சாயங்காலம் சாதத்தை வடித்து வைத்துவிட்டு, அம்மாவும் மாடி வீட்டு அத்தையும் திட்டமே இல்லாமல் கிளம்பிப் போவார்கள்; பணம் போதுமா என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிப் பார்ப்பது மட்டுமே அவர்கள் செய்த முன்னேற்பாடு. 2024-இல் அந்த வளாகம் மூடப்பட்டது. அதன் அருகிலேயே மெட்ரோ நிலையம் 2015 ஜூன் 29 முதல் இயங்குகிறது என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகின்றன. நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் உதயத்துக்கு வந்து சேர வசதி வந்துவிட்டது, உதயம்தான் இல்லை. ஆட்டோக்காரர்கள் மட்டும் இன்னும் “உதயம் தியேட்டர் கிட்டயா?” என்றுதான் கேட்கிறார்கள்.

இது எங்கள் பேட்டையின் கதை மட்டுமில்லை. அண்ணா சாலையில் 1964-இல் திறந்த சபையர் 1994-இல் போனது, சாந்தி 2016-இல் போனது, தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-இல் போனது. வடபழனியில் ஏவி.எம். ராஜேஸ்வரியும் இப்போது இல்லை. எல்லாவற்றுக்கும் ஓடிடியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இந்த ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். சபையர் மூடியபோது வீட்டில் கேபிள் டிவியே புதுசு. சென்னையில் ஒரு பழைய தியேட்டர் நிற்கும் மனையின் விலைக்கு எந்தப் படத்தின் வசூலும் ஈடுகொடுக்க முடியாது. ஆனால் அதன் விளைவு எங்களைப் போன்றவர்களின் தலையில் விழுகிறது. நடந்து போகும் தியேட்டர் போனபின் எங்களுக்கு எஞ்சியிருப்பவை பெரும்பாலும் மால்கள்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேரும் அப்படி ஒரு மாலுக்குப் போனோம், பெயர் எதற்கு. டிக்கெட் தலைக்கு நூற்றுத் தொண்ணூறு ரூபாய். அரசு உச்ச வரம்பு வைத்திருப்பதால் தமிழ்நாட்டில் டிக்கெட் விலை பெங்களூரையும் மும்பையையும் பார்க்க எவ்வளவோ குறைவு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிக்கெட்டைச் சுற்றி இருப்பவற்றுக்கு வரம்பு கிடையாதே. இணையத்தில் எடுப்பதற்குத் தனிக் கட்டணம், மணிக்கணக்கில் ஏறும் பார்க்கிங், ஒரு டிக்கெட்டை விட விலை அதிகமான ஒரு டப்பா பாப்கார்ன். அம்மா கைப்பையில் வைத்திருந்த நான்கு முறுக்கை வாசலில் சோதனை செய்த பெண் எடுத்து மேசையில் வைத்தபோது அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. வெளி உணவைத் தடுக்கும் உரிமை திரையரங்குகளுக்கு உண்டு, குடிதண்ணீரை மட்டும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டதால் சட்டப்படி அந்தப் பெண் செய்தது சரி. தண்ணீர் எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பாட்டு முழுவதும் ஆயிற்று. இரவு வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் இரண்டாயிரத்துச் சொச்சம். ஓர் ஓடிடி தளத்தின் ஆண்டுச் சந்தாவே ஆயிரத்து ஐந்நூறுதான் என்று மகன் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை.

ஆனால் அந்த இரவில் இன்னொன்றும் நடந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா படத்தின் வசனங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். “தியேட்டர்லதான் எனக்குக் காது கேக்குது” என்றார். உண்மைதான். நாம் சத்தம் அதிகம் என்று குறை சொல்லும் அந்த ஒலி அவருக்குச் சரியாக இருக்கிறது. முன்னால் இருப்பவர்கள் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்த்துத் தவறவிட்டதையும் பிடித்துக்கொள்கிறார். முறுக்கு போன வருத்தம் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. ஆகவே வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் வீட்டை விரும்பி இருக்கிறார்கள் என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள்.

இதற்கு 2024 ஏப்ரல் 20-ஐ விடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. அன்று ‘கில்லி’ மறுபடி வெளியானது. 2004-இல் வந்த படம். இருபது ஆண்டுகளில் தொலைக்காட்சியில் எத்தனை முறை போட்டார்கள் என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. நான்கு வாரமும் எட்டு வாரமும் அதன் முன்னால் என்ன? ஆனாலும் அரங்குகள் நிரம்பின. வடபழனியில் ஒரு பழைய தியேட்டரில் நானும் அம்மாவும் மகனும் பார்த்தோம். புதுப் படத்துக்குக் கொடுப்பதில் பாதிகூட டிக்கெட்டுக்குக் கொடுக்கவில்லை. எல்லா வசனத்தையும் திரைக்கு முன்பாகவே கூட்டம் சொல்லியது, அதில் அம்மாவின் குரலும் இருந்தது. விலை குறைந்தால் ஆள் வருவார்கள் என்பதற்கு அதற்கும் முன்பே ஒரு சான்று உண்டு: 2022 செப்டம்பர் 23 அன்று தேசியத் திரைப்பட நாள் என்று நாடு முழுவதும் பல அரங்குகளில் 75 ரூபாய்க்கு டிக்கெட் விற்றபோது, அந்த ஒரு நாளில் 65 லட்சம் பேர் வந்ததாக மல்டிபிளெக்ஸ் சங்கம் தானே அறிவித்தது. அத்தனை பேர் வீட்டிலும் அன்று இணையம் இருந்தது.

இவ்வளவும் ஏன் செய்தியில் வருவதில்லை என்பது என் அடுத்த ஆதங்கம். சினிமாச் செய்தி என்றால் இன்று கோடிக் கணக்கு. முதல் நாள் எத்தனை கோடி, ஓடிடி எத்தனை கோடிக்குப் போனது, அந்த நடிகர் இந்த நடிகரை முந்திவிட்டாரா. தமிழ்நாட்டில் வசூலைப் பொதுவெளியில் சரிபார்க்க ஓர் ஏற்பாடும் கிடையாது. தயாரிப்பாளர் சொல்வதும், டிராக்கர் என்று தம்மை அழைத்துக்கொள்வோர் சொல்வதும்தான் கணக்கு. கேரளத்தில் தயாரிப்பாளர் சங்கம் 2025-இல் சில மாதங்களுக்காவது ஒவ்வொரு படத்தின் செலவையும் அரங்குகளிலிருந்து வந்த பங்கையும் பட்டியலிட்டு வெளியிட்டது, பெரும்பாலான படங்கள் நஷ்டம் என்று வெளிப்படையாகக் காட்டியது. இங்கோ என் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் தம்பி, தன் மாதச் சம்பளத்தில் வரிப் பிடித்தம் எவ்வளவு என்று தெரியாதவர், ஒரு படத்தின் வெளிநாட்டு உரிமை விலையைப் புள்ளி விவரத்தோடு சொல்கிறார். படம் பார்த்தாயா என்றால், “ஓடிடில வரட்டும்க்கா” என்கிறார்.

எனவே திரையரங்கு உரிமையாளர் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்தால் வாரக் கணக்கைப் பற்றி நான் பேச மாட்டேன். வார நாட்களில் காலைக் காட்சியும் பகல் காட்சியும் ஏறக்குறைய காலியாக ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த இருக்கைகளை அறுபது வயது தாண்டியவர்களுக்கு எண்பது ரூபாய்க்குக் கொடுங்கள், அரசு வைத்திருப்பது உச்ச வரம்புதான், கீழே இறங்குவதை யாரும் தடுக்கவில்லை. படியில் பிடித்து ஏறக் கைப்பிடி வையுங்கள். நான்கு முறுக்கை உள்ளே விடுங்கள். ஓடிடிக்காரர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: தமிழ்ப் படத்துக்குத் தமிழில் வசன வரி.

இந்த மாதத் தாளிலும் ஒரு சிவப்பு வட்டம் இருக்கிறது. நேற்று இரவு பாத்திரம் துலக்கிக்கொண்டே, அது வரைக்கும் காத்திருக்க வேண்டாம், செவ்வாய்க்கிழமை நான் அரை நாள் விடுப்பு எடுக்கிறேன், பகல் காட்சிக்குப் போகலாம் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “படி எத்தனை இருக்கும்?” என்று கேட்டார்.